துப்பாக்கி கோளாறாகிப் பட்ட காயம்: புண் ஆறிய பிறகு என்னென்ன வரலாம்?

துப்பாக்கிக் காயம் என்றதும் யாரோ யாரையோ சுட்டதாகத்தான் மனம் போகும். இங்கே பேசப்போவது வேறு. சுட்டவர் கையிலேயே குழல் கிழிவது, தோட்டாவின் பின்பக்கம் பிய்ந்து சூடான வாயு முகத்தில் அடிப்பது, விசையைத் தொடாமலே கீழே விழுந்த துப்பாக்கி வெடிப்பது என ஆயுதமே கோளாறாகி ஏற்படும் காயங்கள்.

கை மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபி செய்கிறவன் நான். இவர்கள் என்னிடம் வருவது கட்டுப் பிரித்த பிறகுதான். "தையல் பிரிச்சாச்சு, புண்ணும் ஆறிடுச்சு, இனிமே என்ன சார்?" என்பார்கள். அந்த "இனிமே என்ன"வுக்குப் பதில் கொஞ்சம் நீளம். அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை வைத்தே எழுதுகிறேன்.

கோளாறு என்றால் எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

எல்லா வகையையும் அடுக்கப் போவதில்லை. கோளாறு எப்படி என்பதைப் பொறுத்துத்தான் காயம் எங்கே என்பது அமையும், அதற்காகச் சிலதை மட்டும் சொல்கிறேன்.

தோட்டாவில் வெடிமருந்து குறைவாக இருந்தால் 'பட்'டென்று மெல்லிய சத்தம்தான் வரும். குண்டு வெளியே போகாமல் குழலின் நடுவிலேயே சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும், இல்லையென்றால் கிழியும். மண், சேறு, துடைக்கப் பயன்படுத்திய துணி என எது அடைத்திருந்தாலும் இதே கதைதான். 'போர்' என்பது குழல் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது. 12 போர் துப்பாக்கியில் தவறிப்போய் 20 போர் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் தாங்காது. 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். இந்த வகையில் அடி வாங்குவது பெரும்பாலும் குழலைத் தாங்கிப் பிடித்த கை, அதாவது வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடக்கை.

பின்பக்கம் சரியாகப் பூட்டிக்கொள்ளும் முன்பே வெடித்தாலோ, தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்தாலோ, வாயு பின்னோக்கி வரும். அப்போது கண், கன்னம், விசைக்குப் பக்கத்தில் இருக்கும் கை ஆகியவை மாட்டும். விசையை அழுத்தியும் வெடிக்காமல் சில நொடி கழித்து வெடிப்பது இன்னொரு வகை. "ஏன் வெடிக்கலை?" என்று திருப்பிப் பார்க்கிறவருக்கு ஆபத்து இதில்தான். வெடிக்காவிட்டால் குறைந்தது 30 விநாடியாவது பாதுகாப்பான திசையிலேயே நீட்டி வைத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

இது ஒன்றும் புதிதல்ல. ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1460-இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் இறந்தது எதிரியின் குண்டால் அல்ல, பக்கத்தில் இருந்த தன் சொந்தப் பீரங்கி வெடித்ததால்.

சாதாரணக் குண்டுக் காயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

குண்டு பட்டால் பொதுவாக ஒரு பாதை இருக்கும்: உள்ளே போன இடம், வெளியே வந்த இடம். குழல் வெடித்தால் பாதை கிடையாது. எஃகுச் சில்லு, பித்தளைத் துண்டு, கட்டைச் சிராய், பிளாஸ்டிக், எரியாத வெடிமருந்துத் துகள் எல்லாம் ஒரே நேரத்தில் உடம்புக்குள் போகும். கூடவே தீப்புண், கூடவே அழுத்த அலை. இத்தனையும் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நடக்கிறது.

இதில் எனக்குத் தெரிந்து பெரிய பிரச்சினை, எல்லார் கவனமும் ரத்தம் கொட்டுகிற இடத்துக்கே போய்விடுவதுதான். கையைக் காப்பாற்ற எல்லாரும் ஓடுவார்கள், அது சரிதான். காதையும் கண்ணையும் "அப்புறம் பார்க்கலாம்" என்று விடுவார்கள். பல பேருக்கு அந்த அப்புறம் வருவதே இல்லை.

காது என்ன ஆகும்? சத்தம் கேட்கிறதே, பிறகென்ன?

துப்பாக்கிச் சத்தம் சாதாரணமாகவே 140 டெசிபலைத் தாண்டும், பெரிய ரகங்களில் 160-க்கு மேலும் போகும். திடீர்ச் சத்தத்துக்குப் பொதுவாக வைத்திருக்கும் பாதுகாப்பு எல்லையே 140 தான். அதுவும் குழல் முனை வழியாகத் தள்ளிப் போக வேண்டிய அழுத்தம் காதுக்குப் பக்கத்திலேயே வெளியேறினால், ஒரே ஒரு வெடி போதும்.

செவிப்பறை கிழிந்திருந்தால் அது ஒருவகையில் நல்ல செய்தி. சின்னக் கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். அதுவரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது, டாக்டர் எழுதித் தராத எதையும் ஊற்றக் கூடாது. மூடாவிட்டால் ஆபரேஷன் செய்து அடைக்கலாம்.

உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள்தான் பிரச்சினை. செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான கூர்மையான ஒலிகள். ஆடியோகிராமில், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், 4,000 பக்கத்தில் ஒரு பள்ளம் தெரியும். இப்படிப்பட்டவருக்குக் குரல் கேட்கும், சொல் புரியாது. 'ச', 'ஸ', 'ஃப' போன்றவை கரைந்துபோகும். அமைதியான அறையில் சமாளித்துவிடுவார், நாலு பேர் பேசும் இடத்தில் தலையை மட்டும் ஆட்டுவார்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். இடக்கைக் கட்டைவிரல் கிழிந்த ஒருவர் பயிற்சிக்கு வருவார். "மடக்குங்க" என்றால் மனைவியைப் பார்ப்பார். அவர் திரும்பச் சொன்ன பிறகுதான் செய்வார். கூச்சம் போல என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். ஒருநாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசினேன், மனிதருக்கு ஒன்றுமே புரியவில்லை. அத்தனை நாளும் என் உதட்டைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார். காது டாக்டரிடம் அனுப்பியபோது சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பார்ப்பதென்றால் முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம். இவருக்கு அந்தக் காலம் போய்விட்டது, காது மிஷின்தான் வழி.

ஆகவே கேட்கிறதோ இல்லையோ, முதல் வாரத்துக்குள் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். தும்மினாலோ, கனம் தூக்கினாலோ தலை சுற்றினால் அதையும் சொல்லுங்கள், உள்காதுத் திரவம் கசிகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

காதில் 'ஙொய்ங்' என்று இரைச்சல். இது எப்போது போகும்?

பலருக்கு முதல் சில வாரங்களில் குறையும். பல மாதமாகியும் இருந்தால், கூடவே இருக்கப்போகிறது என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ப நடப்பது நல்லது. இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை எதுவும் கிடையாது. விளம்பரம் பார்த்துக் காசை விடாதீர்கள். காது மந்தமும் சேர்ந்து இருந்தால் காது மிஷின் போட்டதும் இரைச்சல் அமுங்குவதாகப் பலர் சொல்வார்கள். ராத்திரி முழு அமைதியில் படுத்தால் அதிகமாகத் தெரியும், ஃபேன் சத்தம் மாதிரி மெலிதாக ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம் வரும். இரைச்சலைப் பற்றிய பதற்றத்தைக் குறைக்கும் உளவியல் பயிற்சிக்கு நல்ல பலன் உண்டு.

கண்ணில் தூசி பட்டது மாதிரிதான் இருந்தது, பார்வையும் தெளிவாக இருக்கிறது. பரிசோதனை அவசியமா?

அவசியம். வேகமாக வரும் சில்லு கண்ணுக்குள் போகும்போது வலி கொஞ்சமாகத்தான் இருக்கும். ஓட்டை தானே அடைத்துக்கொள்ளும், பார்வையும் அன்றைக்கு ஆறுக்கு ஆறு இருக்கலாம். பிறகு வருவதுதான் தொல்லை.

இரும்புத் துண்டு உள்ளே தங்கினால் மெல்லத் துருப்பிடித்து, மாதங்களோ வருடங்களோ கழித்து விழித்திரையைக் கெடுக்கும். பாப்பாவை, அதாவது கண் நடுவே இருக்கும் கருந்துளையைச் சுற்றிய வண்ணப் பகுதி அந்தக் கண்ணில் மட்டும் பழுப்பேறும், பாப்பா விரிந்தே இருக்கும், இருட்டில் பார்வை குறையும். தோட்டாக் கூடு பித்தளை, அதில் ஏறக்குறைய 70 சதவீதம் செம்பு. செம்பு கண்ணுக்குள் இன்னொரு விதமான படிவை உண்டாக்கும். செம்பின் அளவு மிக அதிகமான துண்டாக இருந்தால் சில நாட்களிலேயே கடும் அழற்சி வரும்.

துண்டு எதுவும் போகாமல் வெறும் அடி மட்டும் பட்டிருந்தாலும் கண்ணுக்குள் ஊறும் திரவம் வடியும் மூலை கிழிந்திருக்கலாம். இதிலிருந்து வரும் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்தம் கூடிப் பார்வையைக் கெடுக்கும் நோய், பத்து வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். வலிக்காது, சிவக்காது, ஓரப் பார்வையிலிருந்து சத்தமில்லாமல் தின்றுகொண்டு வரும். அதனால் கண்ணில் பலமாக அடிபட்டவர்கள் ஆயுள் முழுக்க வருடம் ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்புரையும் சின்ன வயதிலேயே வரலாம், அதற்கு ஆபரேஷன் இருக்கிறது, விட்டுவிடுவோம்.

கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போல, கரும்புள்ளி மழை கொட்டுவது போல, ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தால் அது விழித்திரை பிரிவதன் அறிகுறி. காலையில் போகலாம் என்று இருக்காதீர்கள்.

அடிபடாத கண்ணும் கெட்டுப்போகுமா? யாரோ பயமுறுத்தினார்கள்.

அரிதுதான், ஆனால் உண்மை. ஒரு கண் திறந்துகொள்ளும் அளவு காயப்பட்டால், அதுவரை உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அறிமுகமில்லாத கண் திசு வெளிப்பட்டுவிடும். உடம்பு அதை எதிரியாக நினைத்து இரண்டு கண்களையும் தாக்க ஆரம்பிக்கும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், கிட்டத்தட்ட எல்லாமே ஒரு வருடத்துக்குள் வரும். வெகு சிலருக்குப் பல வருடம் கழித்தும் வந்திருக்கிறது. லூயி பிரெய்ல் மூன்று வயதில், 1812-இல், அப்பாவின் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண்ணைக் காயப்படுத்திக்கொண்டார். ஐந்து வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். இன்றைக்கு ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் இருக்கின்றன. நல்ல கண்ணில் கூச்சம், சிவப்பு, மங்கல் எது வந்தாலும் உடனே ஓடினால் காப்பாற்றலாம்.

கை பழையபடி ஆகுமா?

இது என் துறை, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

குழலைத் தாங்கிய கையில் வெடிப்பு உள்ளங்கைப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சவ்வுப் பகுதி கிழியும், கட்டைவிரலின் அடி மூட்டு நழுவும். கட்டைவிரல் போனால் கையின் வேலையில் சுமார் 40 சதவீதம் போனது என்பது எங்கள் கணக்கு. மற்ற விரல்கள் எதிர்த்துப் பிடிக்க ஆள் வேண்டுமே. அதனால்தான் கட்டைவிரல் முழுக்கப் போனவருக்குக் கால் விரலை எடுத்துக் கையில் பொருத்தும் அளவுக்குக்கூட அறுவை மருத்துவர்கள் போகிறார்கள்.

நரம்புக்கு அவசரம் தெரியாது. அறுந்த நரம்பைத் தைத்தாலும் அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் தைத்தது விரல் நுனியைத் தொட ஆறேழு மாதம் ஆகும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க, நரம்பு போகும் வழியில் விரலால் தட்டிக்கொண்டே போவேன். ஒரு இடத்தில் "ஆ, கரண்ட் அடிக்குது" என்பார்கள். போன மாதம் மணிக்கட்டில் அடித்த கரண்ட் இந்த மாதம் உள்ளங்கை நடுவில் அடித்தால் எனக்கு மகிழ்ச்சி, அவர்களுக்கு எரிச்சல்.

உணர்ச்சி திரும்பும்போது கோணல்மாணலாகத் திரும்பும். பஞ்சு உப்புத்தாள் மாதிரி உறுத்தும், சாவியைத் தொட்டால் நாணயம் என்று தோன்றும். மூளைக்கு மறுபடி பாடம் எடுக்க வேண்டும்: கண்ணைத் திறந்து தொடு, மூடித் தொடு, என்னவென்று சொல். தினம் பத்து நிமிடம், மாதக்கணக்கில். சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரு வருடம் கழித்து நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது.

உணர்ச்சி இல்லாத விரல் சுட்டாலும் தெரியாது. வெந்துபோய்க் கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பார்கள். ராத்திரி படுக்கும் முன் கையைத் திருப்பித் திருப்பி ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்து தைத்திருந்தால் முதல் வாரங்களில் அதிகம் இழுத்தால் அறுந்துவிடும், அசைக்காமலே வைத்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் போவதுதான் பயிற்சி. சுமார் 12 வாரம் வரை கனம் தூக்கச் சொல்ல மாட்டோம். "நாலாவது வாரமே நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு வாளி தூக்கினேன்" என்று மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர்கள் உண்டு.

ஆறின கையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல் வெளுத்து வலிக்கிறது. ரத்த ஓட்டம் நின்றுவிட்டதா?

இல்லை. ரத்தக் குழாயும் நரம்பும் அடிபட்ட விரல்களில் இது மிகச் சாதாரணம். குளிர் பட்டால் வெளுக்கும், நீலம் பாரிக்கும், விண்விண்ணென்று தெறிக்கும். பல வருடம் இருக்கலாம், சிலருக்கு முழுக்கப் போவதே இல்லை. கையுறை போடுங்கள், புகைபிடிப்பதை விடுங்கள். விரல் வெளுத்தபடியே இருந்து நிறம் திரும்பவில்லை என்றால் மட்டும் அவசரம்.

காயம் சின்னது, வலி மட்டும் நாளுக்கு நாள் கூடுகிறது. மனப்பிரமை என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். காயத்துக்குச் சம்பந்தமில்லாத அளவு எரிச்சல், வீக்கம், ஒரு கை மட்டும் சூடாகவோ குளிர்ந்தோ இருப்பது, வியர்வை, நகமும் ரோமமும் வேறு மாதிரி வளர்வது எல்லாம் சேர்ந்து வந்தால் அது தனி நோய். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களிடம் இதே எரிச்சலைப் பார்த்துத்தான் சைலஸ் வேர் மிட்செல் என்ற மருத்துவர் அதற்குப் பெயர் வைத்து எழுதினார். சீக்கிரம் கண்டுபிடித்து, கையை மெல்ல மெல்ல வேலைக்குப் பழக்கினால் அடங்கும். வலிக்கிறதே என்று கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் இறுகிப்போகும்.

வெட்டுப்பட்ட நரம்பின் முனை முடிச்சாகி, தொட்டாலே துடிக்க வைப்பது இன்னொன்று. அதற்கு மருந்தும் உண்டு, ஆபரேஷனும் உண்டு.

இல்லாத விரல் எப்படி வலிக்கும்?

விரல் போனாலும் மூளையில் அதற்கான இடம் போகவில்லை. அதே மிட்செல்தான் 1871-இல் இதற்கு மாய உறுப்பு என்ற பொருளில் பெயர் சூட்டினார். 1990-களில் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து வழி சொன்னார். நல்ல கையைக் கண்ணாடி முன்னே வைத்து அசைத்தால், பிம்பத்தில் போன கையே அசைவது போலத் தெரியும். இறுக மூடிக் கிடந்த 'மாய' விரல்கள் திறந்துகொண்டதாகச் சிலர் சொல்வார்கள். எல்லாருக்கும் பலிக்காது. செலவில்லாத வைத்தியம் என்பதால் நான் எல்லாரிடமும் செய்து பார்க்கச் சொல்வேன்.

உள்ளே இன்னும் துண்டு இருக்கிறதாம். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பார்கள், அது அலட்சியம் அல்ல. சதைக்குள் அமைதியாக இருக்கும் கடுகளவு துண்டைத் தேடிப் போனால் நல்ல நரம்பும் குழாயும் அறுபடும். கண், மூட்டின் உள்ளே, தண்டுவடத்தைச் சுற்றிய திரவம், நரம்பையோ ரத்தக் குழாயையோ உரசும் இடம், சீழ் வைத்த இடம் ஆகிய இடங்களில் இருந்தால் எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். பிடிக்கும்போதெல்லாம் உறுத்தும் உள்ளங்கைத் துண்டும் எடுக்கத் தகுந்ததே.

கட்டைச் சிராயும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் தெரியாது. "எக்ஸ்ரே கிளீனா இருக்கே" என்ற பிறகும் ஒரே இடம் திரும்பத் திரும்ப வீங்கினால் அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும் ஈயம் விஷமாகுமா?

முதலில் ஈயம் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். குழல் கிழிந்து போன சில்லு எஃகு, அதில் இந்தக் கவலை இல்லை. ரவையோ (தோட்டாவுக்குள் நிறைத்திருக்கும் சிறு உருண்டைகள்) குண்டோ உள்ளே போயிருந்தால்தான் பேச்சு.

சதைக்குள் இருந்தால் அதைச் சுற்றி உடம்பு ஒரு உறை கட்டிவிடும், பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மூட்டுத் திரவத்தில் ஊறினால் கரையும். எலும்பு முறிந்த இடத்தில் பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தாலும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003 முதல் 2012 வரையிலான கணக்கைப் பார்த்து 2017-இல் வெளியிட்டது. ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்த பெரியவர்களில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் உள்ளே தங்கிய குண்டுத் துண்டு காரணம். ஆனால் 80-உம் அதற்கு மேலும் இருந்தவர்களில் அது 4.9 சதவீதம். அதாவது அடிக்கடி வராது, வந்தால் பலமாக வரலாம்.

அறிகுறிகள் எந்த நோய்க்கும் பொருந்தும்: சோர்வு, வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், ரத்தசோகை, எரிந்து விழும் குணம், மறதி, ரத்த அழுத்தம். இதை வைத்துக்கொண்டு பழைய காயத்தை யாரும் நினைக்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மூட்டுக்குள் துண்டு இருப்பவர் தொடக்கத்தில் ஒன்று, சில மாதத்தில் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று எடுத்துவந்தால் அளவு ஏறுவது தெரிந்துவிடும்.

ரத்தத்திலிருக்கும் ஈயம் மாதக்கணக்கில் குறையும், எலும்பில் போய் உட்கார்ந்தது வருடக்கணக்கில் இருக்கும். கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, நெடுநாள் படுக்கை ஆகியவற்றில் எலும்பிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு வரும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது நல்லது. அளவு மிக அதிகமானால் ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள். அதோடு துண்டையும் எடுக்காவிட்டால் ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பிய கதைதான்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா?

எஃகு இருந்தால் காந்தம் இழுக்கும். கண்ணிலோ மூளையிலோ ரத்தக் குழாய் பக்கத்திலோ இருந்தால் விபரீதம். ஈயம், செம்பு, பித்தளையைக் காந்தம் இழுக்காது. குழல் வெடித்தவருக்கு எஃகு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு முதலில் எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுப்பதே முறை. இருபது வருடம் கழித்து முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனாலும் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

முகத்தில் கறுப்புப் புள்ளிகள் பச்சை குத்தியது போல நின்றுவிட்டன. லேசரில் போகுமா?

எரியாத வெடிமருந்துத் துகள் தோலுக்குள் பதிந்ததால் வருவது. முதல் இரண்டு மூன்று நாளில் மயக்கம் கொடுத்து பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். அந்த நேரத்தைத் தவறவிட்டால்தான் லேசர் பேச்சு வரும். அங்கே ஒரு எச்சரிக்கை: உள்ளே இருப்பது இன்னும் வெடிமருந்து. லேசர் பட்டதும் தோலுக்குள்ளேயே குட்டி குட்டியாக வெடித்துக் குழிவிழுந்த தழும்பானது பதிவாகியிருக்கிறது. சாதாரணப் பச்சையை எடுக்கும் கடைக்குப் போகாமல் தோல் மருத்துவரிடம், என்ன நடந்தது என்று சொல்லி, ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துச் செய்யுங்கள்.

தீப்புண் தழும்பு தடித்துக்கொண்டே போகிறது.

தழும்பு முற்றி அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை தடிப்பதும் சிவப்பதும் அரிப்பதும் இயல்பு. அழுத்தக் கையுறை, சிலிகான் பட்டை, மசாஜ், வெயில் படாமல் பார்ப்பது இவை உதவும். மூட்டின் மேல் இருக்கும் தழும்பு சுருங்கி விரலை இழுத்துவிட்டால் சிறிய ஆபரேஷன் வேண்டும்.

ஐந்து வருடம் கழித்து பழைய காயத்தில் சீழ் வருகிறது. இது எப்படி?

எலும்பு உடைந்த இடத்தில் கிருமி பல வருடம் பதுங்கியிருக்கும். வெடிப்பில் துணியும் கரியும் மண்ணும் சேர்ந்து உள்ளே போவதால் வாய்ப்பு அதிகம். ஓட்டை போட்டுச் சீழ் வடிவதும், மூடுவதும், மறுபடி வடிவதுமாக இருந்தால் எலும்புத் தொற்றா என்று பார்க்க வேண்டும். கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் தற்காலிகமாக அடங்கும், அவ்வளவுதான்.

கை சரியாகிவிட்டது. கதவு அறைந்தால் மட்டும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

முதல் சில வாரங்கள் எல்லாருக்கும் இப்படித்தான். கனவு, திடுக்கிடல், அந்த இடத்துக்குப் போகப் பிடிக்காமல் இருப்பது எல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டியும் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நடந்ததை ஒழுங்கான முறையில் திரும்ப எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சைகளுக்கு நல்ல பலன் இருக்கிறது. குடித்துத் தூங்குவது சிகிச்சை அல்ல.

கோளாறில் அடிபட்டவர்களிடம் தனியாக ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கோபப்பட எதிரி இல்லை. "நான்தான் சரியாப் பார்க்கலையோ" என்று தன் பக்கமே திரும்பிவிடும். பக்கத்தில் நின்ற வேறொருவருக்கும் அடிபட்டிருந்தால் இது இன்னும் கொடுமை. தயாரிப்புக் குறையா, பராமரிப்புக் குறையா என்பது நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டியது. மனம் ராத்திரியில் எழுதும் தீர்ப்பை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் இப்படி இடிந்துபோய் இருக்கும் காலத்தில் துப்பாக்கி எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். இதைக் குடும்பத்தாரிடம் நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்.

உடைந்த துப்பாக்கியை என்ன செய்வது?

துடைக்காதீர்கள், ரிப்பேர் பார்க்காதீர்கள். விவரம் தெரிந்தவரை வைத்துத் தோட்டாவை நீக்கி, உடைந்த சில்லுகள், வெற்றுக் கூடு, அதே பெட்டியில் மிச்சமிருக்கும் தோட்டாக்கள் எல்லாவற்றையும் அப்படியே பூட்டி வையுங்கள். போலீஸ் விசாரணைக்கும் நஷ்டஈட்டுக்கும் மட்டுமல்ல, உள்ளே போன உலோகம் எது என்று டாக்டருக்குத் தெரியவும் இது உதவும்.

மறுபடி சுடலாமா?

கண் டாக்டரும் காது டாக்டரும் சரி என்று சொல்லி, விசை விரலில் உணர்ச்சியும் பிடியில் பலமும் திரும்பியிருந்தால் உங்கள் விருப்பம். பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம். காதுக்குள் செருகும் அடைப்பானும் மேலே மூடும் மஃப்பும் சேர்த்தே போடுங்கள். இரண்டையும் போட்டால் பாதுகாப்பு இரண்டு மடங்காகும் என்று நினைக்காதீர்கள், சுமார் 5 டெசிபல்தான் கூடும். மீதி இருக்கும் காதுக்கு அந்த ஐந்தும் தேவை.

பழைய எக்ஸ்ரே, பேப்பர் எல்லாம் எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

ஆயுள் முழுக்க. ஆபரேஷன் குறிப்பு, கடைசி எக்ஸ்ரே, முதல் ஆடியோகிராம், கண் அழுத்த அளவு இந்த நான்கும் முக்கியம். ஃபைல் தொலையும், ஃபோனிலும் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருந்தார், பிளாஸ்டிக் உறைக்குள், பால்பாயின்ட் பேனாவில் எழுதியது: "இடது கை. கட்டைவிரல் அடியில் எஃகுத் துண்டு 2, எடுக்கவில்லை. எம்.ஆர்.ஐ. முன் கேட்கவும். இடது காதுப் பக்கம் பேசாதீர்கள்."